பிள்ளைக்குச் சாக்லேட் பாலா? வீட்டிலேயே செய்யுங்கள்!

(குடும்ப நலத் துண்டுப் பிரசுர வரிசை. திருத்தணி மலையடிவாரத்தில் தம்பதியர் கூட்டத்தில் பேசிய பேச்சு.)



தறியை நிறுத்திவிட்டு, மாட்டைக் கட்டிவிட்டு, கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து வந்திருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். சாப்பாட்டு விஷயம் என்றால் பெண்களை மட்டும் அனுப்பிவிட்டு ஆண்கள் டீக்கடையில் உட்கார்ந்துகொள்வதுதான் வழக்கம். ஆனால் இன்றைக்கு நான் பேசப்போகும் விஷயத்தில் இருவருக்கும் பங்கு உண்டு. கடையில் காசு கொடுத்து டப்பா வாங்கி வருகிறவர் அப்பா. அதைப் பாலில் கலக்கிக் கொடுக்கிறவர் அம்மா. ஆகவே இரண்டு பேரும் கேட்க வேண்டும்.

விஷயம் இதுதான். "எங்க பையன் வெறும் பாலைக் குடிக்க மாட்டேங்கறான். சாக்லேட் கலர்ல இருந்தாத்தான் குடிக்கிறான்" என்று நீங்கள் சொல்வது என் காதில் விழாத நாளே இல்லை. அதற்காகக் கஷ்டப்பட்டு டப்பா வாங்குகிறீர்கள். அது தேவையா? வேறு வழி உண்டா? பார்ப்போம்.

ஒரு வீட்டில் நான் பார்த்தது

பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். விசைத்தறி ஓட்டுகிற குடும்பம். எட்டு வயதில் ஒரு பெண், ஐந்து வயதில் ஒரு பையன். அம்மாவுக்கு ஆறாம் மாதம். மாத்திரை வாங்கிப் போயும் ரத்தம் ஏறவில்லை என்பதால் பார்க்கப் போயிருந்தேன்.

அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. அரை லிட்டர் பால், கூடவே அரை லிட்டர் தண்ணீர். "ஏம்மா இவ்வளவு தண்ணி?" என்று கேட்டேன். "என்ன பண்றது சிஸ்டர், இந்த மாசம் டப்பா வாங்கிட்டோம். பாலைக் குறைச்சிட்டோம்" என்றார் அந்த அம்மா.

அந்தத் தண்ணீர்ப் பாலில் ஒரு டம்ளர் எடுத்து, இரண்டு கரண்டி பொடி போட்டு, அதற்கு மேல் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்டுப் பையனுக்குக் கொடுத்தார். பெண்ணுக்கு டீ. "அவளுக்கு எதுக்கு சிஸ்டர், பெரியவளாயிட்டா" என்றார் பாட்டி. எட்டு வயதுக் குழந்தை அது! அம்மாவும் ஒரு டம்ளர் டீயை எடுத்துக்கொண்டு, அந்த டீயிலேயே இரும்புச்சத்து மாத்திரையைப் போட்டு விழுங்கினார்.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசையில்தான் செய்தார்கள். ஆனால் நடந்தது என்ன? டப்பாவுக்காகப் பால் குறைந்தது. பையனுக்குச் சர்க்கரை கூடியது. பெண்ணுக்கு எதுவுமே இல்லை. அம்மாவின் மாத்திரையில் பாதிப் பலன் டீயோடு போயிற்று.

டப்பாவில் என்ன இருக்கிறது?

டப்பாப் பொடி விஷமில்லை. பயப்பட வேண்டாம். ஆனால் அது மருந்தும் இல்லை.

"மால்ட்" என்று டப்பாவில் போட்டிருக்கிறதே, அது என்ன? முளைகட்டிக் காயவைத்த தானியம், அவ்வளவுதான். அவர்கள் பார்லியிலும் கோதுமையிலும் செய்கிறார்கள். அதோடு கோகோ பொடி, சர்க்கரை, கொஞ்சம் வைட்டமின், வாசனை. எதில் எவ்வளவு என்று டப்பாவின் முதுகில் அச்சிட்டிருக்கும். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் போட வேண்டும் என்பது சட்டம். சர்க்கரையின் பெயர் முதலிரண்டு இடங்களில் இருந்தால் நீங்கள் எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் போர்ன்விட்டாவின் சர்க்கரை பற்றி நாடெங்கும் பேச்சு எழுந்தது. அப்போது அந்த நிறுவனமே தந்த விளக்கத்தில், ஒரு வேளைக்கான 20 கிராம் பொடியில் 7.5 கிராம் சேர்த்த சர்க்கரை இருப்பதாகச் சொன்னது. அதாவது ஒன்றரை டீஸ்பூன். பிறகு அந்த அளவைக் குறைத்தார்கள். சரி, ஒன்றரை டீஸ்பூன் பெரிய அளவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாம் 20 கிராமோடு நிறுத்துகிறோமா? இன்னொரு கரண்டி பொடி, அதற்கு மேல் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. காலை, மாலை இரண்டு வேளை.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன ஆலோசனைப்படி, பெரியவர்களே கூட நாள் ஒன்றுக்குச் சேர்த்த சர்க்கரையைச் சுமார் 25 கிராமுக்குள், அதாவது ஐந்து டீஸ்பூன் அளவில், வைத்துக்கொள்வது நல்லது. சின்னப் பிள்ளைக்கு இன்னும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பையன் இரண்டு டம்ளரிலேயே அதைத் தாண்டிவிடுகிறான். மிட்டாய், பிஸ்கட் எல்லாம் தனி.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டின் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் "ஹெல்த் டிரிங்க்" என்று ஒரு வகையே கிடையாது. அதனால்தான் 2024 ஏப்ரலில், இப்படிப்பட்ட பொடிகளை "ஹெல்த் டிரிங்க்" என்ற தலைப்பில் வைத்து விற்கக் கூடாது என்று இணைய வழி விற்பனைக் கடைகளுக்கு மத்திய அரசு எழுதியது. பேரில் ஆரோக்கியம் இருந்தால் போதாது, பொருளில் இருக்க வேண்டும்.

பிள்ளைக்குச் சதை பிடிக்கவும் எலும்பு உறுதியாகவும் உதவுவது அந்த டம்ளரில் உள்ள பால். பழுப்பு நிறமும் மணமும் நாக்குக்காக. அந்த நிறத்தையும் மணத்தையும் நம் வீட்டு அடுப்பிலேயே கொண்டுவரலாம்.

வீட்டுச் சாக்லேட் பால்

கோகோ என்பது ஒரு மரத்தின் காயிலிருந்து எடுத்த கொட்டை. வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நம் பொள்ளாச்சிப் பக்கத்திலும், பக்கத்து ஆந்திராவில் கோதாவரிப் பகுதியிலும் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளைகிறது. அந்தக் கொட்டையைப் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்து, கொழுப்பைப் பிழிந்தெடுத்துவிட்டு அரைத்தால் கோகோ பொடி.

கடையில் கேட்கும்போது "சர்க்கரை சேர்க்காத கோகோ பொடி" என்று கேளுங்கள். "டிரிங்கிங் சாக்லேட்" என்று கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் பெரும்பகுதி சர்க்கரை. சரியான கோகோ பொடி வாயில் போட்டால் கசக்கும். கசந்தால்தான் அசல்.

ஒரு டம்ளருக்கு அளவு:

பால் – ஒரு டம்ளர் (150 முதல் 200 மில்லி)
கோகோ பொடி – தலை தட்டி ஒரு டீஸ்பூன் (சுமார் 2.5 கிராம்)
சர்க்கரை – ஒரு டீஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம்

செய்முறை:

1. கறந்த பாலானால் நன்றாகப் பொங்கும்வரை காய்ச்சுங்கள். பச்சைப் பால் யாருக்கும் ஆகாது. அதன் வழியாக மாட்டுக் காசநோய், விட்டுவிட்டு வரும் ஒருவகைக் காய்ச்சல் எல்லாம் மனிதருக்குத் தொற்றும்.

2. கோகோவையும் சர்க்கரையையும் காய்ந்த டம்ளரில் போட்டு முதலில் பொடியாகவே கலந்துகொள்ளுங்கள். கோகோவில் கொழுப்பு இருப்பதால் நேரே பாலில் கொட்டினால் நனையாமல் கட்டி கட்டியாய் மிதக்கும். சர்க்கரையோடு கலந்தால் கட்டி விழாது.

3. இரண்டு ஸ்பூன் சூடான பாலை ஊற்றிச் சந்தனம் போலக் குழையுங்கள்.

4. மீதிப் பாலை ஊற்றி இரண்டு ஆற்று ஆற்றுங்கள். நுரை பொங்கும். பிள்ளை தானாக வந்து நிற்பான்.

வெல்லம் போட ஆசையா? போடலாம். ஆனால் கொதிக்கிற பாலில் வெல்லத்தைப் போட்டால் சில சமயம் பால் திரிந்துவிடும். பாலை இறக்கி, குடிக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, கரைத்து வடிகட்டிய வெல்லத்தை ஊற்றுங்கள். "வெல்லம் நல்லதுதானே, நாலு ஸ்பூன் போடலாமே" என்று கேட்பீர்கள். வெல்லமும் சர்க்கரைதான். அளவு ஒன்றுதான்.

100 கிராம் கோகோ பொடி ஏறக்குறைய 40 டம்ளருக்கு வரும். 500 கிராம் டப்பா, 20 கிராம் வீதம் போட்டால் 25 டம்ளரோடு தீரும். இரண்டின் விலையையும் கடையில் கேட்டு, டம்ளருக்கு என்ன ஆகிறது என்று கணவர்மார்கள் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். மிச்சமாகிற காசைப் பாலுக்கும் முட்டைக்கும் கொடுங்கள்.

தண்ணீரால் நீட்டாதீர்கள், தானியத்தால் நீட்டுங்கள்

"நர்ஸம்மா, நாலு பேருக்குப் பால் வாங்க எங்க வருமானம் போதாதே" என்று கேட்பது எனக்குத் தெரிகிறது. நியாயமான கேள்வி. பால் குறைவாக இருந்தால் கேழ்வரகைச் சேருங்கள்.

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம். எல்லைக்கு அந்தப் பக்கம் நம் உறவுக்காரர்கள் "ராகி ஜாவ" என்று காய்ச்சிக் குடிக்கிறார்கள். திருத்தணி 1960-இல் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மாறினாலும் இரண்டு பக்கத்து அடுப்பிலும் கேழ்வரகுதான். ஆந்திர அரசு 2023 மார்ச்சில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ராகி ஜாவ கொடுக்கத் தொடங்கியது. கர்நாடகத்திலும் 2024-இல் பள்ளியில் பாலோடு ராகி மால்ட் கலந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். காரணம் இல்லாமலா? 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே அளவு பசும்பாலில் சுமார் 120. அரிசியில் 10 அளவுதான்.

கேழ்வரகு மால்ட் மாவு செய்ய, ஒரு கிலோ கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவி, இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் நீரை வடித்து, ஈரத்துணியில் மூட்டை கட்டித் தொங்கவிடுங்கள். நடுநடுவே தண்ணீர் தெளியுங்கள். ஒன்று, ஒன்றரை நாளில் முளை வரும். வெயிலில் நன்றாகக் காயவைத்து, கையால் தேய்த்து முளையை உதிர்த்துப் புடைத்து, மணம் வரும்வரை இளஞ்சூட்டில் வறுத்து, மில்லில் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். மூட்டையில் பூஞ்சை பிடித்தாலோ கெட்ட வாடை வந்தாலோ தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

ஏன் முளைகட்ட வேண்டும்? முளைக்கும்போது தானியத்தில் உள்ள மாவுச்சத்து உடைகிறது. அதனால் கஞ்சி கெட்டிப்படாமல் இளகி நிற்கிறது. சின்ன வயிற்றுக்குள் அதிகத் தானியம் போகிறது, செரிக்கவும் செய்கிறது. டப்பாக்காரர் செய்கிற வேலையும் இதுதான்.

இனி, கேழ்வரகுச் சாக்லேட் பால். ஒரு டம்ளருக்கு நாலு டீஸ்பூன் மாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் ஐந்து, ஆறு நிமிடம் கிண்டுங்கள். பச்சை வாடை போனதும் அரை டம்ளர் காய்ச்சிய பால் ஊற்றுங்கள். முன்போலவே குழைத்த கோகோ அரை டீஸ்பூன், சர்க்கரை ஒரு டீஸ்பூன். கேழ்வரகே பழுப்பு நிறம். கோகோ மணமும் சேர்ந்தால் டப்பாப் பால் எது, வீட்டுப் பால் எது என்று பிள்ளைக்குத் தெரியாது. ஒருவருக்குப் போதும் பாலில் இரண்டு பேர் குடிக்கலாம். தண்ணீர் ஊற்றி நீட்டிய பாலைவிட இது எவ்வளவோ மேல்.

நம் பக்கத்து வேர்க்கடலையை வறுத்துப் பொடித்து ஒரு ஸ்பூன் சேர்த்தால் இன்னும் விசேஷம். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது மட்டும் ஒன்றுகூட வேண்டாம். அதில் ஈரலைக் கெடுக்கிற நஞ்சு உண்டு.

யாருக்கு, எப்போது?

பிறந்தது முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. தண்ணீர்கூட வேண்டாம். ஒரு வயது ஆகும்வரை மாட்டுப்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாக டம்ளரில் கொடுக்கக் கூடாது. இரண்டு வயது முடியும்வரை கோகோவும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். அந்தப் பிள்ளைக்குச் சர்க்கரை போடாத கேழ்வரகுக் கஞ்சியும், மசித்த பருப்புச் சோறும், தாய்ப்பாலும்தான் அமிர்தம்.

இரண்டு வயதுக்கு மேல் ஒரு சிறு டம்ளர், நாளுக்கு ஒரு வேளை போதும். "பால் நல்லது" என்று நாள் பூராவும் பாலாகவே கொடுக்கிற வீடுகளும் உண்டு. அதுவும் தப்பு. அரை லிட்டருக்கு மேல் போனால் வயிறு நிறைந்து, பிள்ளை சோறு, கீரை, பருப்பை ஒதுக்கும். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. கடைசியில் கொழுகொழு என்று இருக்கிற பிள்ளைக்கே ரத்தசோகை வரும்.

ராத்திரி படுக்கப்போகும்போது கோகோ வேண்டாம். காப்பியில் இருக்கிற சரக்கு கொஞ்சம் இதிலும் உண்டு, தூக்கம் கெடும். பால்புட்டியில் ஊற்றி வாயில் வைத்தபடி தூங்கவிட்டால் பல் சொத்தையாகும். டம்ளரில் கொடுங்கள், குடித்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு மலையேறும்போது பிள்ளைக்கென்று பாட்டிலில் பால் கலந்து எடுத்துப் போகிறீர்கள். வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்தப் பாலை நம்பாதீர்கள். கீழே குடிக்கவைத்துவிட்டு, மேலே எடுத்துப் போவது காய்ச்சி ஆறவைத்த தண்ணீராக இருக்கட்டும்.

சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் சர்க்கரையும் வெல்லமும் போடாமல், டாக்டரிடம் அளவு கேட்டுக் குடிக்கலாம். பால் குடித்தால் வயிறு உப்பி, கழிச்சல் ஆகிறவர்கள் பாலைக் கட்டாயப்படுத்திக் குடிக்க வேண்டாம். தயிர், மோர் போதும்.

கர்ப்பிணித் தாய்மார்களுக்கு

இதைக் கணவர்மார்களும் மாமியார்களும் கவனமாகக் கேட்க வேண்டும். நாலாம் மாதம் முதல் நாள்தோறும் ஒன்றாக 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் உண்டு. இந்த மாத்திரையைப் பாலிலோ, சாக்லேட் பாலிலோ, டீ, காப்பியிலோ போட்டுக் குடிக்கக் கூடாது. பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்தும், டீயிலும் கோகோவிலும் உள்ள துவர்ப்பும் இரும்பை ரத்தத்தில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

மாத்திரை தண்ணீரில்தான். கூட ஒரு எலுமிச்சம்பழச் சாறோ, நெல்லிக்காயோ, கொய்யாப்பழமோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். பாலுக்கும் மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்து விழுங்க வேண்டாம், வேறு வேளையில் சாப்பிடுங்கள். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கறுப்பாகப் போவது சகஜம். குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் முடியவில்லையென்றால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள்.

அந்த வீட்டுக்கு மறுபடி போனேன்

ஒரு மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போனேன். டப்பா காலியாக இருந்தது, அதற்குள் கேழ்வரகு மாவு. அடுப்படியில் நின்று ஆற்றிக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? வீட்டுக்காரர்! "அவளால குனிய முடியல சிஸ்டர். அஞ்சு நிமிஷ வேலைதானே" என்றார் கொஞ்சம் வெட்கத்தோடு. வரிசையாக மூன்று டம்ளர். ஒன்று பையனுக்கு, ஒன்று பெண்ணுக்கு, ஒன்று மனைவிக்கு. மாத்திரை ராத்திரிக்கு, தண்ணீரில். அடுத்த பரிசோதனையில் அந்த அம்மாவுக்கு ரத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. சாக்லேட் பால் செய்த மாயமில்லை அது. மாத்திரையைச் சரியாகப் போட்டதும், தட்டில் கீரையும் முட்டையும் வந்ததும்தான் காரணம்.

எனக்கு அதைவிட நிறைவு தந்தது அந்த இரண்டாவது டம்ளர். பையனுக்கு மட்டும் பால், பெண்ணுக்கு வரக்காப்பி என்கிற பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. பெண்ணுக்கும் அதே எலும்பு, அதே பல், அதே வளரும் வயது. நாளைக்கு அவளும் ஒரு தாய் ஆகலாம். அன்றைக்கு அவள் உடம்பில் ரத்தம் வேண்டுமென்றால் இன்றைக்கு அவள் தட்டிலும் டம்ளரிலும் பங்கு வேண்டும். டம்ளர் ஒரே அளவாக இருக்கட்டும்.

முடிக்கிறேன். நம் மலைக்கு 365 படிகள், ஆண்டின் நாளுக்கு ஒன்றாக. ஒரு படி ஒன்றும் பெரிசில்லை. ஏறிக்கொண்டே போனால் முருகன் சந்நிதி வந்துவிடுகிறது. அதுபோல, பிள்ளையின் டம்ளரில் நாளுக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரையைக் குறையுங்கள். ஆண்டுக்கு 365 டீஸ்பூன். கிட்டத்தட்ட 1 கிலோ 800 கிராம் சர்க்கரை அந்தச் சின்ன உடம்புக்குள் போகாமல் தப்பிக்கும். இன்றைக்கு இரண்டு ஸ்பூன் என்றால் அடுத்த வாரம் ஒன்றரை, அதற்கடுத்த வாரம் ஒன்று. நாக்கு தானாகப் பழகிக்கொள்ளும்.

வீட்டுக்குப் போனதும் டப்பாவின் முதுகை இரண்டு பேருமாகப் படித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அங்கன்வாடிக்கு வாருங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். மாவு செய்த பிறகு எங்களுக்கும் ஒரு டம்ளர் கொடுங்கள், குடித்துப் பார்க்கிறோம்.